பதினாறு பேரும் பாஸ்

ஹைதராபாத்தில் சைனிக்புரியைத் தாண்டி, வீடுகள் வருவதற்கு முன்பே தார் ரோடு மட்டும் போட்டுவிட்டு ஆட்கள் போய்விட்ட ஒரு லேஅவுட் இருக்கிறது. பதினோரு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும், காலை ஆறிலிருந்து ஒன்பது வரை அங்கே ரோஸ்லினின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"கால மேல எடுங்க. ரெண்டையும் எடுங்க. நான் பின்னால இருக்கேன்லா, விழ விட்டுருவேனா?"

தூத்துக்குடிக்காரி. ஜீடிமெட்லாவில் ஒரு வால்வு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் ஜெயச்சந்திரனைக் கல்யாணம் செய்துகொண்டு ஹைதராபாத்துக்கு வந்தவள். அவர்கள் குடியிருந்த தெருவுக்கு பஸ் வராது. ஆட்டோக்காரர்கள் வரமாட்டேன் என்பார்கள். வேறு வழியில்லாமல் தானாகவே ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அடுத்த வீட்டுப் பெண் எனக்கும் சொல்லிக் கொடு என்றாள், பிறகு அவளுடைய அக்கா, பிறகு அக்காவோடு வேலை பார்க்கும் டீச்சர். ஒரு நாள் பார்த்தால் அதுவே அவள் தொழிலாகிவிட்டிருந்தது.

அவளிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முப்பதைத் தாண்டிய பெண்கள். சைக்கிள்கூட ஓட்டியிராதவர்கள் உண்டு. முதல் மூன்று நாள் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடமாட்டாள். தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்வாள், சாய்த்து நிமிர்த்தச் சொல்வாள். எடை கைக்குப் பழகிய பிறகுதான் சாவியைக் கொடுப்பாள். ரோட்டில் ஓட்டும்போது ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பொல்லாதவள். வலது பக்கம் திரும்பும் முன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கவில்லை என்றால், ஓடுகிற வண்டியில் பின்னாலிருந்தே தோளில் ஒரு அடி விழும்.

"கண்ணாடிய நம்பாதீங்க. அதுல தெரியாத வண்டிதான் வந்து இடிக்கும்."

லைசென்ஸ் டெஸ்ட் அப்போதெல்லாம் ஒரு சடங்கு. போக்குவரத்து அலுவலகத்தின் பின்னால் ஒரு மைதானம். இரண்டு மஞ்சள் கூம்புகள். இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூம்புகளைச் சுற்றி ஒரு தடவை வந்தால் போதும். காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தாலும் போதும். பேப்பர் வேலையை எல்லாம் தண்டபாணி பார்த்துக்கொள்வார். தண்டபாணியின் அப்பா ராணுவ ஸ்டோரில் வேலைக்கு வந்து திருமுல்கேரியிலேயே தங்கிவிட்டவர். தண்டபாணி இங்கேயே பிறந்து வளர்ந்து, முப்பது வருடமாக அந்த அலுவலக வாசலில் ஏஜென்ட்.

"நீங்க கத்துக் குடுங்க சிஸ்டர். மிச்சத்த நான் பாத்துக்கறேன். கைக்கு டென்ஷன்?" என்பார், 'எதற்கு' என்பதை ஹைதராபாத் இந்தியில்.

ரோஸ்லினிடம் கற்றுக்கொண்டு டெஸ்டில் தோற்றவர் ஒருவர்கூட இல்லை. விசிட்டிங் கார்டில் 'நூற்றுக்கு நூறு' என்று அச்சடித்து வைத்திருந்தாள். அந்த மைதானத்தில் யார்தான் தோற்றார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

அனுபமா வந்தது இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் மாதத்தில். ஈரோட்டுக்காரி, முப்பத்து மூன்று வயது. கணவன் சுதர்சனுக்கு ஐ.டி. வேலை. ஹம்ஸினி என்று இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். அனுபமாவுக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கம்பெனி பஸ் அவள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். லைசென்ஸ் காட்டாத வண்டியை கேட்டுக்குள் விடமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

கெட்டிக்காரி, சிரித்த முகம். சொன்னதை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வாள். ஆனால் வண்டியில் ஏறியதும் அவளுக்குள் ஏதோ இறுகிவிடும். பயந்தால் பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் கழுத்து மரக்கட்டை மாதிரி நின்றுவிடும்.

"பின்னால பாத்தா வண்டி ஆடுதுங்கக்கா. முன்னால பாத்துட்டே போயிடறனே?"

"ஆடட்டும். மெதுவா ஆடட்டும். பாக்காம திரும்பக் கூடாது."

மூன்று வாரம் ஆகியும் அது வரவில்லை. இன்னும் இரண்டு வாரமாவது வேண்டும் என்று ரோஸ்லினுக்குத் தெரியும். ஆனால் ஒன்றாம் தேதிக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும் என்று அனுபமாவின் ஆபீசில் நெருக்கினார்கள். "டெஸ்ட முடிச்சுர்றனுங்கக்கா. அப்புறம் எத்தன நாள் வேணும்னாலும் வர்றேன்" என்றாள். ரோஸ்லின் தண்டபாணிக்குப் போன் செய்து தேதி வாங்கிக் கொடுத்தாள்.

டெஸ்ட் அன்று காலை ஒன்பது மணிக்கே தூறல். பத்து மணிக்குக் கொட்டித் தீர்த்தது. டெஸ்டுக்கு வந்த பதினாறு பேரும் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்கு அடியில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். மைதானம் செம்மண் குட்டையாகிவிட்டது. கூம்பு ஒன்று மிதந்து வேலியோரம் போய் நின்றது. இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தண்டபாணியைக் கூப்பிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். தண்டபாணி பதினாறு பேப்பரையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"பதினாறு பேரும் பாஸ். போட்டோக்கு வரிசையா உள்ள வாங்க."

கொட்டகையில் கைதட்டல் எழுந்தது. அனுபமா ஹெல்மெட்டோடு ரோஸ்லினைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, நான் வண்டிய ஸ்டார்ட் கூடப் பண்ணலீங்க!"

அவள் சிரித்தாள். ரோஸ்லினும் சிரித்தாள். இருவருமாக எதிர்க் கடையில் டீ குடித்தார்கள். "இன்னும் ரெண்டு வாரம் வரணும். அதுவரை மெயின் ரோட்டுக்குப் போவக் கூடாது, கேட்டியளா?" என்று ரோஸ்லின் சொன்னாள். கண்டிப்பாக வருகிறேன் என்றாள் அனுபமா.

இரண்டு நாள் வந்தாள். பிறகு ஷிஃப்ட் மாறிவிட்டது என்று மெசேஜ் வந்தது. ரோஸ்லின் ஒரு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. அந்த வாரம் புதிதாக ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். மறுபடி கூப்பிடவில்லை.

டெஸ்ட் முடிந்த இருபத்து நாலாம் நாள், ஜீடிமெட்லா போகும் ரோட்டில் ஒரு யூ-டர்னில், அனுபமா கெமிக்கல் டேங்கருக்கு அடியில் போய்விட்டாள்.

எதிரே இருந்த டயர் கடையின் கேமராவில் அது பதிவாகியிருந்தது. மதியத்துக்குள் எல்லாருடைய போனுக்கும் வந்துவிட்டது. ரோஸ்லின் அதை ஒரே ஒரு தடவை பார்த்தாள். இடது ஓரமாக வந்துகொண்டிருந்த ஸ்கூட்டர், நிற்காமல், வேகமும் குறையாமல் வலது பக்கம் வெட்டியது. ஹெல்மெட் கடைசிவரை நேராகவே இருந்தது. பின்னால் வந்த டேங்கர்காரன் பிரேக் அடித்தது அந்தப் படத்தில் நன்றாகவே தெரிந்தது.

சுதர்சனின் ஃபிளாட்டுக்குப் போனபோது வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. சத்தம் அணைத்த டி.வி.யை ஹம்ஸினி பார்த்துக்கொண்டிருந்தாள். சுதர்சன் ரோஸ்லினை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தான்.

"நீங்கதானுங்களா அந்த அக்கா? உங்களப் பத்தியே பேசிட்டிருப்பா." ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "போலீஸ்ல ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலீங்க. முறையா கத்துக்கிட்டு, முறையா டெஸ்ட் பாஸ் பண்ணி, ஹெல்மெட் போட்டுத்தான் ஓட்டிருக்காங்கன்னு சொன்னாங்க. அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க. நேரம் அப்பிடி. என்ன பண்றது?"

ரோஸ்லின் அந்த மழை நாளைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் ஜெயச்சந்திரனிடம் சொன்னாள். "அவளுக்கு ஓட்ட வராதுங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் அனுப்புனேன்."

"ஏட்டி, டேங்கர் அடிச்சதுக்கு நீ என்ன செய்வ? சும்மா மனசப் போட்டு உளப்பாத. போ, போயி மொகத்தக் கழுவு."

அவர் நல்ல மனிதர். அவள் சோர்ந்து உட்கார்ந்திருந்த நாட்களில் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

இரண்டு மாதம் ரோஸ்லின் லேஅவுட் பக்கம் போகவில்லை. பெண்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். மூன்றாம் மாதம் மறுபடி தொடங்கினாள். முன்பு மாதிரி சிரித்துப் பேசவில்லை. விசிட்டிங் கார்டுகளைக் குப்பையில் போட்டாள். ஒருத்திக்கு வரவில்லை என்றால், "உங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆவும். அவசரம்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள்.

ஜனவரியில் டெஸ்ட் மாறியது. பழைய மைதானத்தைப் பூட்டினார்கள். ஊருக்கு வெளியே, ரிங் ரோட்டுக்கு அருகில், சிமென்டில் புதுத் தடம் போட்டிருந்தார்கள். இனி நாற்காலி போட்டு உட்காரும் இன்ஸ்பெக்டர் கிடையாது. எட்டு வடிவத்தில் வளைந்த தடத்தின் இருபுறமும் சென்சார் கம்பங்கள், மேலே கேமராக்கள். கால் தரையில் பட்டால் தெரிந்துவிடும். கோட்டைத் தொட்டால் தெரிந்துவிடும். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் பேரைச் சொல்லும். ஓட்டி முடித்ததும் பெரிய திரையில் பச்சையோ சிவப்போ வரும். யாரும் யாரிடமும் கெஞ்ச முடியாது.

வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாரும் புலம்பினார்கள். ரோஸ்லின் ஒருத்திதான் சந்தோஷப்பட்டாள். ஒரு வருடம் முன்னால் இது வந்திருந்தால் அனுபமா தோற்றிருப்பாள், தோற்று உயிரோடு இருந்திருப்பாள் என்று நினைத்தாள். ஒரு நாள் தனியாகவே அந்தத் தடத்துக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று காலடியால் அளந்துகொண்டு வந்தாள். லேஅவுட் ரோட்டில் சுண்ணாம்புப் பொடியால் அதே அளவில் எட்டு வரைந்தாள்.

முதல் மாதம் அவளிடம் கற்ற பதினொரு பேர் போனார்கள். ஏழு பேர் தோற்றார்கள். அது நியாயம்தான் என்றே எண்ணினாள். ஆனால் வேலியோரம் நின்று நாள் முழுக்கப் பார்த்தபோது, அவளுக்கு வேறொன்று உறைக்க ஆரம்பித்தது. தடத்துக்குள் போகிறவர்கள் யாரும் கழுத்தைத் திருப்பவே இல்லை. கண்ணைக் கோட்டிலிருந்து எடுத்தால் வண்டி ஆடும், கால் கீழே போகும், சிவப்பு வரும். ரோஸ்லின் பழக்கியபடி பின்னால் ஒரு பார்வை பார்த்த பெண்கள்தான் அந்த வளைவில் தடுமாறிக் காலை ஊன்றினார்கள். காலேஜ் பையன்கள் கழுத்தை ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டு சுற்றிவந்து பச்சை வாங்கினார்கள்.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய்த் தெலுங்கில் கேட்டாள். "பின்னால பாக்கறதுக்கு மார்க் எதுல வருது?"

அந்தப் பெண் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். கால், கோடு, நேரம், நிறுத்தம். "தலைக்கு சென்சார் இல்ல மேடம்" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது ரோஸ்லினின் மண்டைக்குள் சுற்றியது. அனுபமாவின் குறை அந்த மெஷினுக்குத் தெரிந்திருக்காது. மூன்று வாரம் கழித்து, எட்டை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டு, அவள் பச்சை வாங்கியிருப்பாள்.

அந்தத் தடத்தை அப்படியே நகலெடுத்து ஒரு புதுப் பயிற்சி நிலையம் பக்கத்திலேயே வந்தது. பத்தே நாள், எட்டு மட்டும், ரோட்டுக்குப் போகவே வேண்டாம். ரோஸ்லினிடம் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். "நீங்களும் எட்டு மட்டும் சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டவர்களும் உண்டு. அவள் மாட்டேன் என்றாள். மார்ச் முடிவதற்குள் லேஅவுட்டில் அவளும் இன்னொருத்தியும்தான் மிச்சம்.

அந்த இன்னொருத்தி வேதவல்லி. ஐம்பத்தோரு வயது. திருமுல்கேரியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அவள் கணவர் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தவர். சர்க்கரை வியாதியில் கண் போய், ரிடையர் ஆக நாலு வருடம் இருக்கும்போதே வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். வாரம் இரண்டு தடவை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்காகவே ஒரு ஸ்கூட்டர் வாங்கி, அந்த வயதில் கற்றுக்கொள்ள வந்தாள்.

ரோஸ்லின் பழக்கியவர்களில் வேதவல்லி மாதிரி நிதானமாக ஓட்டியவர் வேறு யாருமில்லை. பத்து அடிக்கு முன்பே வேகத்தைக் குறைப்பாள், திரும்பும் விளக்கைப் போடுவாள், கழுத்தைத் திருப்பி முழுசாகப் பார்ப்பாள், பிறகுதான் திரும்புவாள். ஆனால் குள்ளம். எட்டின் நடு வளைவில் வண்டி சாயும்போது அவள் கால்நுனி தானாகவே தரையைத் தேடும். நாலு தடவை டெஸ்டுக்குப் போனாள். நாலு தடவையும் அதே இடம். நாலாவது தடவை திரையில் சிவப்பு வந்தபோது வண்டியைத் தடத்துக்கு நடுவிலேயே நிறுத்திவிட்டு அழுதாள். அடுத்த பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது ஒலிபெருக்கி. அவளுடைய எல்.எல்.ஆர். முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

மறுநாள் தண்டபாணி போன் செய்தார்.

"சிஸ்டர், அந்த மாமி என்கிட்ட வந்திருந்தாங்க. மெஷினுக்கும் ஒரு வழி இருக்கு. சாயங்காலம் சர்வர் நின்னுடும், சரியா? அப்ப கையால எழுதிப்பாங்க. ஆனா இப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்காங்க. தெரிஞ்சவங்க சொன்ன கேஸ்தான் எடுப்பாங்க. உங்க ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்."

"நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

"அந்தம்மா நல்லா ஓட்றாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நல்லாத்தான் ஓட்டுதாங்க. ஆனாலும் சொல்ல மாட்டேன்."

சாயங்காலம் வேதவல்லி வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஏன் ரோஸ்லின்? நான் திருட்டுத்தனமா ஓட்டத் தெரியாம ஓட்டப் போறேனா? நீங்களே சொல்லுங்கோ, எனக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மாமி."

"அப்புறம் என்ன? அவரை ஆட்டோல ஏத்தி இறக்க முடியலை. கண் தெரியாம கீழே கால் வைக்கப் பயப்படறார். போன வாரம் ஆஸ்பத்திரி வாசல்ல விழுந்து முட்டியைப் பேத்துண்டார். ஒரு வார்த்தை. உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?"

அப்போதுதான் ரோஸ்லின் அனுபமாவைப் பற்றிச் சொன்னாள். மழை, கொட்டகை, பதினாறு பேப்பர், டீக்கடை, எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயச்சந்திரன் உள்ளே எழுந்து போவது கேட்டது. நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள் வேதவல்லி.

"அந்தப் பொண்ணுக்கு நக்கோ, முடியாதுன்னு சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்லலை" என்றாள் பிறகு. குரலை உயர்த்தவில்லை. "இப்போ எனக்குச் சொல்றேள். அவளுக்கு நீங்க பண்ணினதுக்கு நானா கட்டணும்? அவ ஆத்துக்காரர் கிட்டப் போய்ச் சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை என்கிட்டச் சொல்லிண்டிருக்கேள்."

படியிறங்கிப் போனாள். அடுத்த வாரமே அவளுடைய ஸ்கூட்டர் விற்பனைக்கு என்று குழுவில் படம் வந்தது. ஐநூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி.

வேதவல்லி சொன்னது ரோஸ்லினை விடவில்லை. மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெயச்சந்திரனிடம் சர்ச்சுக்கு என்று சொல்லிவிட்டு சுதர்சனின் ஃபிளாட்டுக்குப் போனாள். அவன் மெலிந்திருந்தான். காபி போட எழுந்தவனை வேண்டாம் என்று உட்காரவைத்தாள். ஹம்ஸினி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எவரு டாடி?" என்று தெலுங்கில் கேட்டாள். அம்மாவோட ஃப்ரெண்ட் என்றான். கதவு சாத்திக்கொண்டது.

ரோஸ்லின் சொன்னாள். இடையில் அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"வண்டிய எடுக்கவே இல்லீங்களா?"

"இல்ல. ஸ்டார்ட் கூடப் பண்ணல."

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே யாரோ லிஃப்ட் கதவைச் சாத்தாமல் விட்டிருந்தார்கள். அது கத்திக்கொண்டே இருந்தது.

"இத ஏனுங்க என்கிட்டச் சொன்னீங்க?" என்றான் கடைசியில். "யார் மேலயும் தப்பில்லைன்னு நெனச்சுத்தான் பத்து மாசம் ஓட்டுனேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானுங்க. இப்ப நான் யாரப் போயி அடிக்கறது? உங்களயா?"

"அடிங்க."

"போயிடுங்கக்கா. தயவுசெஞ்சு போயிடுங்க."

போய்விட்டாள். இனி அவன் முகத்தில் விழிக்க முடியாது என்றுதான் நினைத்தாள். பன்னிரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'டெஸ்ட் நடந்த தேதி என்ன? அன்று எத்தனை பேர்?' அவள் தேதியை எழுதி, பதினாறு பேர் என்று அனுப்பினாள். மறுநாள் இன்னொன்று. 'மனு கொடுக்கப் போகிறேன். நீங்கள் வந்து சொல்வீர்களா?' வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டு ஜெயச்சந்திரனிடம் காட்டினாள்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? நீயே போயி கைய நீட்டுத. புடிச்சி உள்ள வச்சா என்ன செய்வ?"

"வைக்கட்டுங்க."

அவர் அன்றிரவு சாப்பிடவில்லை. ஆனால் ஆகஸ்டில் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரணைக்கு அவளைக் கூப்பிட்ட அன்று லீவு போட்டுவிட்டு அவரே வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

விசாரித்த அதிகாரி நயமாகவே பேசினார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ரோஸ்லின் சொன்னதை ஒரு கிளார்க் தெலுங்கில் எழுதிக்கொண்டார். அந்த இன்ஸ்பெக்டர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். தண்டபாணி என்று யாரையும் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பழைய காகிதக் கட்டு ஒன்றிலிருந்து அனுபமாவின் டெஸ்ட் பேப்பரைத் தேடி எடுத்து, நகல் ஒன்றை சுதர்சனிடம் கொடுத்தார்கள்.

அச்சடித்த படிவம். ஒவ்வொரு வரிக்கும் நேரே நீல மையில் ஒரு டிக். சுதர்சன் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தான். வண்டியைக் கிளப்புதல், நன்று. வேகக் கட்டுப்பாடு, நன்று. கை சைகை, நன்று. திரும்பும் முன் பின்னால் கவனித்தல். அந்த வரியில் நின்றான். பிறகு அதையும் படித்தான். நன்று. கீழே கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக இருந்தன.

"அன்னிக்குப் பேஞ்ச மழைக்கு நீங்க ஆதாரம் கொண்டுவரலாம்" என்றார் அதிகாரி ஆங்கிலத்தில். "டெஸ்ட் நடக்கலைங்கறதுக்கு என்ன ஆதாரம்? இந்தம்மா வாய்வார்த்தை மட்டும்தான். இப்போ எல்லாம் மெஷின் ஆயாச்சு. இனிமே இப்படி நடக்கவே வழியில்லை. பழசக் கிளறி யாருக்கு என்ன லாபம், சொல்லுங்க." பிறகு ரோஸ்லின் பக்கம் திரும்பினார். "நீங்க டிரைவிங் சொல்லித் தர்றீங்க. அதுக்குப் பர்மிட் வச்சிருக்கீங்களா?"

இல்லை என்றாள்.

அவர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து சுதர்சன் அந்தப் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ரோஸ்லினைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு ரோட்டைக் கடந்து போனான். அக்டோபரில் மகளைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்கே போய்விட்டான் என்று அவர்கள் அபார்ட்மென்டில் குடியிருந்த ஒருத்தி சொன்னாள்.

செப்டம்பரில் ரோஸ்லினுக்கு நோட்டீஸ் வந்தது. அனுமதி இல்லாமல் ஓட்டுநர் பயிற்சி அளித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். இனி பயிற்சி அளிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். சுதர்சனின் மனுவின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்று அந்த ஒரு நோட்டீஸைத் தவிர வேறெதுவும் இல்லை.

இப்போது ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். தலைக்கு வலை, முகத்துக்கு மாஸ்க், எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. மெயின் ரோடுவரை நடந்து, போக வர பஸ்தான். வேதவல்லி கோவில் தெருவில் ஒரு நாள் எதிரே வந்தாள். கணவரின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோ கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பேசவில்லை.

பெண்கள் இன்னும் போன் செய்கிறார்கள். யாரோ கொடுத்த நம்பர், யாரோ சொன்ன பேர். இப்போது சொல்லித் தருவதில்லை என்கிறாள் ரோஸ்லின். ஏன் என்று கேட்டால் அனுபமாவின் கதையை மழையிலிருந்து ஆரம்பித்துச் சொல்கிறாள், தன் பங்கு உட்பட, ஒன்றையும் விடாமல். சிலர் பாதியிலேயே போனை வைத்துவிடுகிறார்கள். சிலர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, அந்த ஏஜென்ட் நம்பர் இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள்.